வீட்டுக் கணக்கும் ஊர்க் கணக்கும்: மின்மீட்டரின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் சில நாட்களாக ஸ்மார்ட் மீட்டர் பற்றிய பேச்சு ஓடுகிறது. "கரண்ட் பில் கூடுமா, குறையுமா?" என்பதுதான் எல்லோர் கேள்வியும். ஒரே ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தாள்: "சார், அரை மணிக்கு ஒருதரம் எங்கள் வீட்டுக் கணக்கு ஆபீசுக்குப் போகும் என்கிறார்கள். நாங்கள் எப்போது தூங்குகிறோம், எப்போது ஊருக்குப் போகிறோம் என்பதும் அதில் தெரிந்துவிடாதா?" அந்தக் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. உலகத்தில் பல நாடுகளின் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த வழியில், அதாவது வரலாற்று வழியில், பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மாதம் ஒரே ஒரு எண்

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கில் பேர்ல் தெரு மின்நிலையத்தை எடிசன் தொடங்கி வைத்தார். மின்சாரத்தை விற்பது என்றால் அளக்க வேண்டும். அரிசிக்குப் படி இருக்கிறது, எண்ணெய்க்கு உழக்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தை எதில் அளப்பது?

எடிசன் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் துத்தநாக உப்புக் கரைசல், அதற்குள் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு அதன் வழியாகப் போகும். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றொரு தகட்டில் போய் ஒட்டும். மாதம் ஒருமுறை கம்பெனி ஆள் வந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்த் தராசில் வைத்து நிறுப்பார். எடை வித்தியாசம்தான் பில். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமல் இருக்க, பெட்டிக்குள் சூடுதர ஒரு விளக்கையும் வைத்தார்கள்.

இந்த மீட்டரை வீட்டுக்காரரால் படிக்க முடியாது. கம்பெனி சொன்னதுதான் கணக்கு. அதனால் வாடிக்கையாளர்களுக்குச் சந்தேகம் தீரவே இல்லை. சில ஆண்டுகளில், சுழலும் தட்டும் எண் காட்டும் முகப்பும் உள்ள மீட்டர்கள் வந்தன. 1889-இல் ஹங்கேரியின் கன்ஸ் நிறுவனத்தில் ஓட்டோ பிளாத்தி உருவாக்கிய மீட்டர் அந்த வகையின் முன்னோடி. நம் வீட்டுத் திண்ணையில் பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டி அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அந்தப் பழைய மீட்டரின் ஒரு குணத்தைக் கவனியுங்கள். அது கூட்டும், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் வந்து வெள்ளை அட்டையில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போவார். 340 யூனிட் என்றால் 340 யூனிட். அதில் கல்யாண வீட்டு விளக்கு எவ்வளவு, காய்ச்சலில் படுத்தவருக்கு இரவெல்லாம் ஓடிய மின்விசிறி எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. யாரும் சட்டம் போட்டு அந்த அந்தரங்கத்தைக் காப்பாற்றவில்லை. இயந்திரத்துக்கு அதற்கு மேல் தெரியாது என்பதே நமக்குப் பாதுகாப்பாக இருந்தது.

பிராங்க்பர்ட்டின் மின்கட்டணப் பட்டியல்

மின்வாரியத்தின் கணக்கு, கணக்கு மட்டும் இல்லை என்பதை உலகம் முதலில் உணர்ந்தது மீட்டரால் அல்ல, பில் கட்டிய பட்டியலால்.

1970-களில் மேற்கு ஜெர்மனியை 'செம்படைப் பிரிவு' என்ற ஆயுதக் குழு உலுக்கிக்கொண்டிருந்தது. ஆள்கடத்தல், கொலை, வங்கிக் கொள்ளை. அந்நாட்டின் மத்தியக் குற்றப் புலனாய்வு அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர் ஹோர்ஸ்ட் ஹெரோல்ட். கணினியில் அபார நம்பிக்கை கொண்டவர்.

தலைமறைவானவர்கள் பொய்ப் பெயரில் வீடு வாடகைக்கு எடுப்பார்கள். பொய்ப் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துப் பணம் கட்டுவது ஆபத்து. ஆகவே மின்கட்டணத்தை ரொக்கமாகக் கட்டுவார்கள். இதுதான் காவல்துறையின் ஊகம். 1979-இல் பிராங்க்பர்ட் நகரில் மின்கட்டணத்தை ரொக்கமாகக் கட்டுபவர்களின் பட்டியலை எடுத்தார்கள். சுமார் 18,000 பேர். பிறகு ஊர்க் குடிமக்கள் பதிவேட்டில் இருப்பவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள், ஓய்வூதியம் வாங்குபவர்கள் என்று ஒவ்வொரு பட்டியலாக ஒப்பிட்டு, உண்மையான ஆள் என்று உறுதியான பெயர்களையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு பொய்ப் பெயர்கள். ஒருவர் போதைப்பொருள் வியாபாரி. மற்றவர் தேடப்பட்டுவந்த செம்படைப் பிரிவு உறுப்பினர். ஹெரோல்ட் பின்னாளில் ஒரு பேட்டியில் பெருமையோடு சொன்ன கணக்கு இது.

குற்றவாளி பிடிபட்டாரே, நல்லதுதானே என்று கேட்பீர்கள். பிடிபட்டது நல்லதுதான். ஆனால் மீதிப் பேரை நினைத்துப் பாருங்கள். கரண்ட் பில்லை ரொக்கமாகக் கட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யாதவர்கள். அவர்கள் வாழ்க்கையின் பல பதிவேடுகள் அவர்களுக்கே தெரியாமல் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கப்பட்டன. மின்சாரம் தருவதற்காகக் கொடுத்த பெயர், மின்சாரத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போனது.

இதில் ஒரு முரண் உண்டு. பிராங்க்பர்ட் இருப்பது ஹெஸ்ஸன் மாநிலத்தில். உலகத்தின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டது அதே ஹெஸ்ஸனில்தான்.

ஜெர்மானியர்களுக்கு இந்த விஷயத்தில் தோல் மெல்லியது. நாஜிகள் காலத்தில் மக்கள்தொகைப் பதிவேடுகள் எதற்குப் பயன்பட்டன என்று அறிந்தவர்கள் அவர்கள். 1983 டிசம்பர் 15 அன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய வழக்கில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பைத் தந்தது. தன்னைப் பற்றிய தகவல் யாரிடம், எதற்காகப் போகலாம் என்று முடிவு செய்வது அந்த மனிதரின் உரிமை என்றது. 2006-இல் அதே நீதிமன்றம், பிராங்க்பர்ட்டில் நடந்தது போன்ற சல்லடைத் தேடுதலை, தெளிவான ஆபத்து கண்ணெதிரே இருந்தால் மட்டுமே முன்னெச்சரிக்கையாகச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தியது.

மின்கோட்டில் வீடு தெரிகிறது

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1980-களில் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர், வீடுகளின் மின் பயன்பாட்டை நொடிக்கு நொடி அளந்து வரைபடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடு படிக்கட்டு போல ஏறி இறங்கியது. ஒவ்வொரு படியின் உயரமும் ஒரு சாதனத்தின் அடையாளம் என்பது அவருக்குப் புரிந்தது.

வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். கோடு திடீரென 2000 வாட் ஏறி, பத்து நிமிடம் கழித்து 2000 வாட் இறங்கினால் அது கீசர், யாரோ குளித்திருக்கிறார்கள். 150 வாட் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இரவு பகலாக ஒரே தாளத்தில் வந்தால் அது ஃப்ரிட்ஜ். காலையில் 500 வாட் அரை மணி நேரம் ஓடினால் மாவு அரைக்கிறார்கள். வீட்டுக்குள் யாரும் நுழைய வேண்டாம், சாதனத்துக்கு ஒரு கருவி மாட்ட வேண்டாம். வெளியே இருக்கும் ஒரே கம்பியில் அளந்தால் போதும்.

இது மின் நிறுவனங்களுக்குப் பயனுள்ள கண்டுபிடிப்பு. எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால் சிக்கனத்துக்கு வழி சொல்லலாம். மின் நிறுவனங்களின் ஆராய்ச்சிக் கழகமே இதற்கு நிதியும் தந்தது. ஆனால் ஹார்ட் இன்னொன்றும் செய்தார். 1989-இல், தொழில்நுட்பமும் சமூகமும் பற்றிய ஒரு பொறியாளர் இதழில், இதே முறையால் ஒரு வீட்டைக் கண்காணிக்க முடியும், வீட்டாருக்குத் தெரியவே தெரியாது என்று எச்சரித்துக் கட்டுரை எழுதினார். அப்போது ஸ்மார்ட் மீட்டர் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. பின்னாளில் அவர் கணிதச் சிற்பங்கள் செய்யும் கலைஞராகப் பெயர் பெற்றார். கண்டுபிடித்தவரே முன்வந்து எச்சரித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அறிவியல் படிக்கும் பிள்ளைகள் ஹார்ட்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2011-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை அளக்கும் மீட்டரை வைத்து, தொலைக்காட்சியில் என்ன படம் ஓடுகிறது என்பதையே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். திரையில் வெளிச்சமான காட்சி வந்தால் மின்சாரம் கூடும், இருட்டான காட்சி வந்தால் குறையும். அந்த ஏற்ற இறக்கமே படத்தின் கைரேகை.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அரை மணிக்கு ஒருமுறை அளந்தால் படம் தெரியாது, மிக்சியும் கிரைண்டரும் பிரிந்து தெரியாது. ஆனால் எழும் நேரம், படுக்கும் நேரம், பகலில் ஆள் உண்டா இல்லையா, எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். திருடனுக்கும் சரி, வதந்தி பேசுபவருக்கும் சரி, அது போதும்.

நெதர்லாந்தில் ஒரு மறுப்பு

2008-இல் நெதர்லாந்து அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். மின்சாரத்தைக் கால் மணிக்கு ஒருமுறை அளக்கும் மீட்டர். கீழவையில் எளிதாக நிறைவேறியது.

அந்நாட்டு நுகர்வோர் சங்கம் சும்மா கத்திக்கொண்டிருக்கவில்லை. டில்பர்க் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்களிடம் ஆய்வு செய்யக் கேட்டது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8-வது பிரிவு குடும்ப வாழ்க்கைக்கும் வீட்டுக்கும் மரியாதை தரச் சொல்கிறது. இந்தக் கட்டாயம் அதற்கு எதிரானது என்று அவர்கள் அறிக்கை தந்தார்கள். 2009 ஏப்ரலில் மேலவை சட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது.

திருத்திய சட்டம் 2011-இல் நிறைவேறியது. அந்தச் சட்டம் வீட்டுக்காரருக்குத் தேர்வு தந்தது. மீட்டரே வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. மீட்டர் இருக்கட்டும், தொலைவிலிருந்து ரீடிங் எடுக்காதே என்றும் சொல்ல முடிந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆறு முறை மட்டும் ரீடிங் எடுத்தார்கள், அதாவது நமக்குப் பழகிப்போன அதே இரண்டு மாதக் கணக்கு. கால் மணிக் கணக்கு வேண்டுமென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டியிருந்தது.

பிரிட்டனும் இதே பாதையில் போனது. அரை மணிக் கணக்கை மின் விற்பனை நிறுவனம் எடுக்க வேண்டுமானால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். கம்பமும் கம்பியும் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு வேறு நிபந்தனை: தனி வீடு தெரியாதபடி கணக்குகளை எப்படிச் சேர்த்துப் பார்ப்போம் என்று ஒரு திட்டம் எழுதி, ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். இந்த இரண்டாவது நிபந்தனையை நினைவில் வையுங்கள்.

மின்வாரியத்துக்கு உண்மையில் என்ன வேண்டும்?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்பதுதான் முறை. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நம் மாணவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்கள் சிரமம் எனக்குத் தெரியும்.

ஒரு தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் ஏப்ரல் மாத இரவில் ஏன் வெடிக்கிறது? எத்தனை ஏ.சி. ஒரே நேரத்தில் ஓடுகிறது என்று தெரியாததால். சூரிய மின்சாரம் சாயங்காலம் மங்கும்போது எவ்வளவு மின்சாரம் வேறிடத்திலிருந்து வாங்க வேண்டும்? ஊர் மொத்தமும் எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போன மின்சாரத்துக்கும் வீடுகளின் மொத்தத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அங்கே கொக்கி போட்டுத் திருடுகிறார்கள் என்று அர்த்தம். இதெல்லாம் தேவையான ஆராய்ச்சி. அது இல்லாவிட்டால் நட்டம் நம் தலையில்தான் விடியும்.

ஆனால் ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு வேண்டியது தெருவின் மொத்தம். மின்சாரம் வாங்க வேண்டியது ஊரின் மொத்தம். திருட்டு இருக்கிறதா என்று அறிய வேண்டியதும் மொத்தம்தான். யார் வீட்டில் என்று தேடுவது அதற்கு அடுத்த படி. தனி வீட்டின் எண் கட்டாயம் வேண்டியது பில்லுக்கு. அதற்கும் மாதம் ஒன்றிரண்டு எண் போதும். நேரத்துக்கு ஒரு கட்டணம் என்றாலும் உச்ச நேரம், சாதாரண நேரம், சூரிய நேரம் என்று மீட்டரே பிரித்துக் கூட்டி மூன்று எண்ணாகத் தரலாம். அரை மணிக்கு ஒரு எண் வீதம் மாதம் 1,440 எண்கள் பெயரோடும் முகவரியோடும் ஒரு கணினியில் போய்க் குவிய வேண்டும் என்ற கட்டாயம் இந்தத் தேவைகள் எதிலும் இல்லை.

வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் ஊர்க் கணக்கை மட்டும் எடுக்க முடியுமா? முடியும். அதற்கு மூன்று வழிகள் வளர்ந்தன. மூன்றையும் ஐந்தாம் வகுப்புக் கணக்கிலேயே சொல்லிவிடலாம்.

முதல் வழி: கூட்டத்தில் ஒளிப்பது

கலிபோர்னியா, கொலராடோ, இல்லினாய்ஸ் போன்ற அமெரிக்க மாநிலங்களில் '15-15 விதி' என்று ஒன்று புழங்கியது. மின் பயன்பாட்டுக் கணக்கை வெளியாருக்குத் தரும்போது குறைந்தது 15 வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கூட்டித்தான் தர வேண்டும். அவர்களில் எவர் ஒருவரின் பங்கும் மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது 15 எதற்கு? பதினான்கு வீடும் ஒரு ரைஸ்மில்லும் சேர்ந்த மொத்தத்தைச் சொன்னால், அது கிட்டத்தட்ட ரைஸ்மில்லின் கணக்குதானே! அதைத் தடுக்கத்தான்.

எளிய விதி, நல்ல விதி. ஆனால் ஓட்டை உண்டு. ஒரு தெருவின் 16 வீடுகளின் மொத்தம் கேட்கிறேன், தருகிறார்கள். மறுநாள், கோடி வீட்டை விட்டுவிட்டு 15 வீடுகளின் மொத்தம் கேட்கிறேன், அதையும் விதிப்படி தருகிறார்கள். கழித்தால் கோடி வீட்டுக் கணக்கு என் கையில்.

இரண்டாவது வழி: மூடிக் கொடுத்துக் கூட்டுவது

2011-இல் கிளவுஸ் குர்சாவே, ஜார்ஜ் டனேசிஸ், மார்குல்ஃப் கோல்வைஸ் ஆகிய மூவர் ஸ்மார்ட் மீட்டருக்கென்றே ஒரு முறையை வெளியிட்டார்கள். அதன் உள்ளடக்கத்தைச் சிறிய எண்களில் சொல்கிறேன். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வீடுகள். உண்மைக் கணக்கு: முதல் வீடு 5, இரண்டாம் வீடு 3, மூன்றாம் வீடு 7. முதல் வீடும் இரண்டாம் வீடும் தங்களுக்குள் 40 என்ற ரகசிய எண்ணை வைத்துக்கொள்கின்றன. முதல் வீடு அதைக் கூட்டும், இரண்டாம் வீடு கழிக்கும். இரண்டாம் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் 25. இரண்டாவது கூட்டும், மூன்றாவது கழிக்கும். மூன்றாம் வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் 60. மூன்றாவது கூட்டும், முதலாவது கழிக்கும்.

முதல் வீடு அனுப்புவது: 5 + 40 − 60 = −15.
இரண்டாம் வீடு அனுப்புவது: 3 − 40 + 25 = −12.
மூன்றாம் வீடு அனுப்புவது: 7 − 25 + 60 = 42.

மின்வாரியத்துக்கு வருவது −15, −12, 42. தனித்தனியாகப் பார்த்தால் அர்த்தமே இல்லாத எண்கள். கூட்டுங்கள்: 15. உண்மைக் கணக்கைக் கூட்டினாலும் 5 + 3 + 7 = 15. கூட்டியதும் கழித்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மொத்தம் மட்டும் நிற்கும்.

நிஜத்தில் இந்த ரகசிய எண்கள் மிகப் பெரியவை. ஒவ்வொரு முறையும் மாறும். மீட்டர்களே தங்களுக்குள் உருவாக்கிக்கொள்ளும். இதிலும் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு மீட்டர் பழுதாகித் தன் எண்ணை அனுப்பாவிட்டால் மொத்தக் கூட்டலும் குழம்பிவிடும். அதைச் சமாளிக்கத் தனியாக ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது வழி: கொஞ்சம் கலக்கிவிடுவது

1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் ஒரு யோசனை சொன்னார். கூச்சப்படும் கேள்விகளுக்கு மக்கள் உண்மை சொல்ல மாட்டார்கள். அதற்கு என்ன செய்வது? அவர் முறையின் எளிய வடிவம் இது.

வகுப்பில் 100 பேர். "தேர்வில் காப்பியடித்தாயா?" என்பது கேள்வி. நேராகக் கேட்டால் நூறு பேரும் அரிச்சந்திரர்கள் ஆகிவிடுவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் ரகசியமாகக் காசைச் சுண்டட்டும். தலை விழுந்தால் எதுவானாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்போது யாராவது "ஆமாம்" என்றால் அவர் காப்பியடித்தாரா, காசு சொல்லச் சொன்னதா என்று வாத்தியாருக்குத் தெரியாது. ஆனால் வகுப்பின் நிலைமை தெரியும். 60 பேர் ஆமாம் என்றால், அதில் ஏறத்தாழ 50 பேர் காசுக்காகச் சொன்னவர்கள். மீதி 50 பேரில் 10 பேர் உண்மையாகச் சொன்னவர்கள். ஆக வகுப்பில் சுமார் 20 சதவீதம் பேர் காப்பி. யார் என்று தெரியாது, எத்தனை என்று தெரியும்.

2006-இல் சிந்தியா டுவோர்க், பிராங்க் மெக்ஷெரி, கோபி நிசிம், ஆடம் ஸ்மித் ஆகிய நால்வர் இந்தக் கருத்துக்குக் கறாரான கணித வடிவம் தந்தார்கள். உங்கள் வீடு கணக்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே சொல்லும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் தற்செயலான எண்ணை விடையோடு கலக்க வேண்டும். இந்த முறையில், முன்பு சொன்ன 16-இல் 15-ஐக் கழிக்கும் தந்திரம் பலிக்காது. கழித்தால் வருவது கோடி வீட்டுக் கணக்காகவும் இருக்கலாம், கலந்த கலப்பாகவும் இருக்கலாம்.

இதற்கும் விலை உண்டு. ஒரு லட்சம் வீடுகளின் மொத்தத்தில் இந்தக் கலப்பு சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம். பத்து வீடுகளின் மொத்தத்தில் அதுவே கணக்கைக் கெடுத்துவிடும். அதோடு, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சராசரி எடுத்தால் கலப்பு மறைந்து உண்மை தலைகாட்டும். ஆகவே எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வைக்க வேண்டும்.

மூன்றில் எதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. ஆனால் மூன்றும் ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டன. "எங்களுக்கு ஊர்க் கணக்கு வேண்டும், அதனால் உங்கள் வீட்டுக் கணக்கைத் திறந்து காட்டுங்கள்" என்று இனி யாரும் சொல்ல முடியாது. திறக்காமலே கூட்ட வழி இருக்கிறது.

வீட்டுச் சுவரைத் தாண்டும் கண்

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? அமெரிக்காவிலிருந்து இரண்டு வழக்குகள்.

1992-இல் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டில் கஞ்சா வளர்ப்பதாகச் சந்தேகம். காவலர்கள் மின்கட்டணப் பதிவைப் பார்த்தார்கள். பிறகு வெப்பத்தைக் காட்டும் கருவியைத் தெருவிலிருந்தே வீட்டை நோக்கித் திருப்பினார்கள். கஞ்சாச் செடிகள் உள்ளே இருந்தது உண்மை. ஆனாலும் 2001-இல் கைலோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது: பொதுமக்களிடம் புழக்கத்தில் இல்லாத கருவியைக் கொண்டு, உள்ளே நுழையாமலே வீட்டுக்குள் நடப்பதை அறிவதும் சோதனைதான், அதற்கு நீதிபதியின் உத்தரவு வேண்டும்.

அடுத்தது இல்லினாய்ஸ் மாநிலத்தின் நேப்பர்வில் நகரம். அங்கே மின் விநியோகம் நகராட்சியின் கையில். கால் மணிக்கு ஒருமுறை அளக்கும் ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தி, அந்தக் கணக்கை மூன்று ஆண்டுகள் வரை வைத்திருந்தார்கள். குடிமக்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2018 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படி அளப்பது வீட்டைச் சோதனை போடுவதுதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மின் விநியோகத்தை மேம்படுத்தத்தான் அளக்கிறார்கள், தண்டிக்க அல்ல. ஆகவே இது நியாயமான சோதனை என்றும் சொன்னது. குடிமக்கள் தோற்றார்கள். ஆனாலும் நீதிமன்றம் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனது: இதைவிடக் குறைந்த இடைவெளியில் அளந்தாலோ, காவல்துறைக்கு எளிதாகக் கிடைக்கும்படி செய்தாலோ முடிவு மாறலாம். வழக்கில் தோற்றும் பொதுமக்களுக்கு ஒரு வேலி கிடைத்தது.

நம் வாசலில்

இனி நம் நாடு. 2021-இல் மத்திய அரசு அறிவித்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்கள். 2023 ஜூனில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படிக்க வேண்டும் என்கின்றன. நமது மீட்டர்கள் அரை மணிக்கோ கால் மணிக்கோ ஒருமுறை கணக்கைப் பதிந்து வைக்கும் திறன் உள்ளவை.

சட்டமும் கையில் இல்லாமல் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குத் தொடுத்த புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி. தொடுக்கும்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஓய்வுபெற்றவர்கள் சும்மா இருப்பதில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்! 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

ஸ்மார்ட் மீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்காமல் இருப்பதும், தவறான ரீடிங்குக்காக ஈபி ஆபீசுக்கு அலையாமல் இருப்பதும் நமக்கும் நல்லதுதான். பழைய மீட்டருக்கு ஞாபகசக்தி இல்லாததால் நாம் நிம்மதியாக இருந்தோம். புதிய மீட்டருக்கு ஞாபகசக்தி உண்டு. எதை நினைவில் வைக்க வேண்டும், எதை யாரிடம் சொல்லலாம் என்று அதற்கு விதிக்க வேண்டியது மனிதர்கள். ஹார்ட் 1989-லேயே எச்சரித்தார். நெதர்லாந்துக்காரர்கள் மீட்டர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே கேட்டார்கள். நேப்பர்வில்காரர்கள் மாட்டிய பிறகு வழக்குப் போட்டுத் தோற்றார்கள். முன்னால் கேட்பது எளிது.

ஆகவே உங்கள் வீட்டில் புது மீட்டர் மாட்ட வரும்போது, மரியாதையாக நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு போகிறது? பெயரோடு போகிறதா, மொத்தத்தில் சேர்ந்து போகிறதா? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? மாட்ட வருகிற தம்பிக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், அவரிடம் கோபப்படாதீர்கள். எழுத்தில் கேட்டால் அலுவலகம் பதில் சொல்ல வேண்டும்; தகவல் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது?

மின்வாரியத்திலும் மென்பொருள் நிறுவனங்களிலும் இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கணக்குகளை எப்படிச் சேமிப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் உங்களில் சிலர் உட்காரப் போகிறீர்கள், சிலர் இப்போதே உட்கார்ந்திருக்கிறீர்கள். தேவை மொத்தம்தான் என்றால் மொத்தத்தை மட்டும் எடுங்கள். நல்லவர் கையில் இருக்கிறது, தப்பாகப் போகாது என்று நினைக்காதீர்கள். பிராங்க்பர்ட்டில் மின்கட்டணப் பட்டியலைத் தயாரித்த குமாஸ்தாவும் நல்லவராகத்தான் இருந்திருப்பார்.

குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிக்கு என் பாராட்டு. வகுப்பில் இருந்த அதே சுட்டித்தனம் இன்னும் போகவில்லை அம்மா, போகவும் வேண்டாம்.

ஸ்மார்ட் மீட்டர் ஏற்கெனவே மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மின்துறையில் இருப்பவர்கள் நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் தயங்காமல் சேருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த மூன்று வீட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்; வேறு எண்களை வைத்து அவர்களே செய்து பார்க்கட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்